ஐந்து ஆண்டுக் காத்திருப்பும் ஒரு முன்பதிவும்: பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ரசிகரின் அனுபவம்

2026 ஜனவரி 21 அன்று, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ வீடியோ விளையாட்டின் ரீமேக் (பழையதைப் புதிதாக மறுபடி உருவாக்கும் பதிப்பு) கைவிடப்பட்டதாக, அதை வெளியிடும் யூபிசாஃப்ட் நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்தது. இன்னும் ஐந்து விளையாட்டுகளும் அதே நாளில் நிறுத்தப்பட்டன. எனக்கு அந்தத் தேதிதான் முதலில் உறுத்தியது. 2020 செப்டம்பரில் இந்த ரீமேக்கை முதன்முதலாக அறிவித்தபோது, 2021 ஜனவரி 21இல் வெளியாகும் என்று சொல்லியிருந்தார்கள். வரவேண்டிய நாளிலிருந்து சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே நாளில், இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஐந்து ஆண்டுகளில் பணமும் போனது, பொழுதும் போனது. அவற்றை விடப் பெரிதாகச் சிலவும் போயின. என் பழக்கவட்டத்தில் இந்தத் தொடரை விளையாடியவர் ஒருவரும் இல்லை. அதனால் யாரிடமும் கேட்க முடியவில்லை, யாரும் எச்சரிக்கவும் இல்லை. பிடித்தமான ஒரு தொடரின் அடுத்த பாகத்துக்காக இப்போது காத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்றே இதை எழுதுகிறேன்.

இந்தத் தொடரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். முதல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியானது. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஏறக்குறைய தனியாளாக அதை உருவாக்கினார். தன் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் படச்சட்டம் படச்சட்டமாகப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார். விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது அந்தச் சிறு உருவத்தில் ஓர் உடலின் கனம் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். கணினியின் நினைவகத்தில் புதிதாக ஓர் எதிரியை வரைந்து வைக்க இடம் இல்லாததால், இளவரசனின் படங்களையே மாற்றிக்காட்டி ஒரு நிழல் மனிதனை உருவாக்கினார். அந்த நிழலை வாளால் வெல்ல முடியாது. வாளை உறைக்குள் போட்டுவிட்டு அதனோடு ஒன்றாக வேண்டும். பற்றாக்குறையிலிருந்து இப்படி ஒரு காட்சி பிறந்தது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

பிறகு 2003இல் யூபிசாஃப்டின் மாண்ட்ரியல் ஸ்டுடியோ ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ விளையாட்டைக் கொண்டுவந்தது. மெக்னரே கதை எழுதினார். காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் குறுவாள், சுவரில் ஓடும் இளவரசன், கூடவே வாதாடிக்கொண்டு வரும் இளவரசி ஃபாரா. விளையாட்டு முழுவதும் அவன் யாருக்கோ சொல்லும் கதை. நாம் தவறி விழுந்து இறந்தால், கதை சொல்பவன் ‘இல்லை, அப்படி நடக்கவில்லை’ என்ற பொருளில் தன்னைத் திருத்திக்கொள்வான். தோல்வியைக்கூடக் கதைக்குள் இழுத்துக்கொண்ட அந்த அழகுதான் என்னை ஆயுளுக்கும் இந்தத் தொடரோடு கட்டிப்போட்டது. அடுத்து 2004இல் ‘வாரியர் விதின்’ வந்தது. இருண்டது, ரத்தம் மிகுந்தது. அதன் கலைப்போக்கும் வன்முறையும் தமக்கு உவப்பில்லை என்று மெக்னர் வெளிப்படையாகவே சொன்னார். 2005இல் ‘டூ த்ரோன்ஸ்’ வந்து மூன்றையும் முடித்துவைத்தது. இதே தொடரின் கிளையாகத் தொடங்கிய ஒரு திட்டம் தனியே வளர்ந்து 2007இல் ‘அசாசின்ஸ் கிரீட்’ ஆனது. மகன் செழித்த பிறகு தந்தையை மறந்துவிட்ட வீடு போல ஆகிவிட்டது அதற்குப் பிறகான நிலை. 2010இல் வந்த ‘ஃபர்காட்டன் சாண்ட்ஸ்’ விளையாட்டுக்குப் பிறகு முழு அளவில் அடுத்த ஆட்டம் வர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வறட்சியின் நடுவில்தான் 2020இல் ரீமேக் அறிவிப்பு வந்தது. புனே, மும்பை ஸ்டுடியோக்கள் உருவாக்குகின்றன என்றார்கள். டிரெய்லரைப் பார்த்தவர்கள் பலர், முகங்கள் பழைய தலைமுறைக் கன்சோலில் (தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவியில்) இருப்பதுபோல் தெரிகின்றன என்று குறை சொன்னார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கதை நடக்கும் அந்த மாளிகையின் நீர்த்தொட்டிகளும் மாடங்களும் மீண்டும் கண்ணில் பட்டதே போதுமாக இருந்தது. அன்றைக்கே, இணையத்தில் விற்கும் ஒரு விற்பனையாளரிடம் பெட்டிப் பதிப்பை முன்பதிவு செய்தேன். சாதாரணப் பதிப்போடு ஓர் ஓவியப் புத்தகமும் சேர்ந்து வரும் என்று போட்டிருந்தார்கள். முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு புதிய விளையாட்டின் விலையைவிடக் கூடுதலான தொகை அது.

முதலில் 2021 ஜனவரி, மார்ச் ஆனது. பிறகு பிப்ரவரியில், தேதி சொல்லாமலே தள்ளிவைத்தார்கள். விற்பனையாளரின் பக்கத்தில் மட்டும் ‘டிசம்பர் 31’ என்று ஒரு தேதி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஆண்டு முடிந்ததும் அடுத்த ஆண்டின் டிசம்பர் 31 ஆனது. இதைப் பார்த்தபோது ஆண்டு இறுதியில் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்கு வந்தது. தேதி தெரியாத பொருளுக்கு விற்பனை மென்பொருள் தானாக இட்டு நிரப்பும் தேதி அது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு விளையாட்டின் வெளியீட்டு நாள் மார்ச் 31, ஜூன் 30, டிசம்பர் 31 என்று மாதக் கடைசியில் நின்றால், உருவாக்கியவர்களே அந்தத் தேதியைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். சொல்லியிருக்காவிட்டால் அப்படி ஒரு தேதியே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2022 மே மாதம் திட்டம் மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது என்று செய்தி வந்தபோது, நான் மகிழ்ந்துபோனேன். மூல விளையாட்டைப் படைத்த ஸ்டுடியோவின் கைக்கே திரும்புகிறதே என்ற மகிழ்ச்சி. அந்த ஆண்டின் பின்பகுதியில் கடைகளிலிருந்து முன்பதிவுப் பக்கங்கள் நீக்கப்பட்டன. பணம் திரும்ப வேண்டும் என்பவர்கள் வாங்கிய கடையையே அணுக வேண்டும் என்றார்கள். அணுகினேன். இங்குதான் உண்மையான அலைக்கழிப்பு தொடங்கியது. முதல் கடிதத்துக்கு, விளையாட்டு ரத்தாகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது, அதனால் பணம் தர இயலாது என்று பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. விடாமல் எழுதிய பிறகு, பணத்துக்குப் பதிலாகத் தங்கள் தளத்தில் செலவிடும் வரவுத் தொகையாகத் தருகிறோம் என்றார்கள். வேறு வழி தெரியாமல் ஒப்புக்கொண்டேன். அந்த வரவுக்கு ஒரு காலாவதி நாள் இருப்பதை அவர்கள் கடிதத்தில் எங்கும் சொல்லவில்லை. அந்த நாளும் கடந்தது. பிறகு அந்தத் தளமே மூடப்பட்டது. வங்கியிடம் போனேன். பரிவர்த்தனை நடந்து மிக நீண்ட காலம் ஆகிவிட்டது, அதோடு மாற்று வரவை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் இருக்கிறது, ஆகவே முறையீடு செல்லாது என்றார்கள். அன்று மாலை எனக்கு வந்த கோபம் பணத்துக்காக மட்டுமில்லை. ஒரு விளையாட்டின் மேல் நான் வைத்த அன்பையே சாக்காக்கி, ஆண்டுக்கணக்காக என் பணத்தை வைத்திருந்தார்களே என்ற கோபம் அது.

முன்பதிவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொருளை அனுப்பும் நாளில்தான் பணம் எடுப்போம் என்று சொல்லும் விற்பனையாளரிடம் மட்டும் செய்யுங்கள். அது இல்லாவிட்டால், ரத்து செய்தால் முழுப் பணமும் வந்த வழியே திரும்பும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பதிவு செய்யும் நாளிலேயே அந்தப் பக்கத்தை, தேதியும் நிபந்தனையும் தெரியும்படி, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கங்கள் மாறிவிடும். கார்டு வழியாகச் செலுத்தியிருந்தால், பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட ஒரு கால எல்லை உண்டு. வருவதாகச் சொன்ன நாளிலிருந்து 120 நாட்கள் என்பது பரவலாக உள்ள கணக்கு. அதற்கு மேல் பரிவர்த்தனை நாளிலிருந்து எண்ணும் ஓர் உச்சவரம்பும் இருக்கும். வங்கிக்கு வங்கி இது மாறும் என்பதால் உங்கள் வங்கியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியீடு தேதியில்லாமல் தள்ளிப்போன அன்றைக்கே பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் பாதுகாப்பு. விளையாட்டு உண்மையில் வரும்போது மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க்கில் வரும் விளையாட்டு தீர்ந்துபோய்விடும் என்ற அச்சம் பெரும்பாலும் வீண். ஓவியப் புத்தகம் போன்ற இணைப்புகளுக்கு மட்டுமே அந்த அச்சத்தில் கொஞ்சம் பொருள் உண்டு. மாற்று வரவு தருகிறோம் என்றால், ஏற்பதற்கு முன் காலாவதி நாளைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால் வங்கியின் கதவு ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

பணத்தின் கதை இவ்வளவுதான். பொழுதின் கதை இதைவிடக் கனமானது. ரீமேக் அறிவிப்பு வந்த நாளில் ஒரு முடிவு எடுத்திருந்தேன்: புதியது வரும்வரை பழைய ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ விளையாட்டைத் தொடுவதில்லை. அந்த மாளிகைக்குள் மீண்டும் நுழையும்போது கண் புதிதாக இருக்க வேண்டும், புதிர்கள் பாதி மறந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். அதுவரை ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் அதை ஒருமுறையாவது முடித்துவிடுவது என் வழக்கம். மனம் சோர்ந்த காலங்களில் அந்த விளையாட்டுதான் எனக்குத் துணையாக இருந்தது. அந்தத் துணையைத்தான் ஐந்து ஆண்டுகள் தள்ளிவைத்திருந்தேன். இடையில் வீட்டில் ஒரு நீண்ட நோய்க்காலம் வந்தது. இரவுகளில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும்போது, கை அந்த விளையாட்டைத் தேடும். ரீமேக் வரட்டும் என்று சொல்லி விட்டுவிடுவேன். விளையாடுவதற்குப் பதில் வதந்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவரின் வேலைக் குறிப்பில் ஒரு வரி, வயதுத் தரச்சான்று வாரியத்தின் பட்டியலில் ஒரு பெயர், இன்னாருக்குத் தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு வீடியோ. 2024இல் ‘2026’ என்ற ஆண்டைக் காட்டி ஒரு சிறு டிரெய்லர் வந்தபோது, அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆகவே காத்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கும் ஒன்று: வரப்போவதற்காகக் கையில் இருப்பதைத் தள்ளிவைக்காதீர்கள். பழைய விளையாட்டை இன்றே விளையாடுங்கள். ரீமேக் வந்தால் அது வேறொரு விளையாட்டாகவே வரும். அதன் புதுமையைப் பழையது கெடுத்துவிடாது. அறிவிப்புகளில் எதை நம்புவது என்றும் சொல்கிறேன். டிரெய்லரில் ஓர் ஆண்டு மட்டும் தெரிந்தால் அது ஆசை. ஒருவர் கையில் கன்ட்ரோலரைப் பிடித்து, இடைவெட்டு இல்லாமல் பல நிமிடம் விளையாடிக் காட்டினால் அங்கே உண்மையில் ஒரு விளையாட்டு இருக்கிறது. இந்த ரீமேக்கைப் பொறுத்தவரை, மாண்ட்ரியலுக்குப் போன பிறகு அப்படி ஒரு காட்சி ஒருபோதும் வெளிவரவில்லை. ஒரு திட்டம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறியது என்றால், முன்னர் செய்ததில் பெரும்பகுதி களையப்பட்டு, மறுபடி அடித்தளத்திலிருந்து தொடங்குகிறது என்றே கொள்ள வேண்டும். 2022இல் நான் மகிழ்ந்த அந்தச் செய்திக்குள் இந்தப் பொருளும் இருந்தது.

இதற்கு நடுவே, 2024 ஜனவரி 18இல் ‘லாஸ்ட் கிரௌன்’ வெளியானது. ஃபிரான்ஸின் மோண்ட்பெல்லியே ஸ்டுடியோ செய்தது. இரு பரிமாணத்தில், காஃப் மலையைச் சுற்றிச் சுற்றி வழி கண்டுபிடிக்கும் விளையாட்டு. நாயகன் இளவரசன் அல்ல, சர்கோன் என்ற இளம் வீரன். இது நம் பிரின்ஸ் இல்லையே என்று தொடக்கத்தில் பலரும் முகம் சுளித்தார்கள். விளையாடத் தொடங்கிய ஒரு மணி நேரத்திலேயே என் தயக்கம் கரைந்துவிட்டது. ஓடித் தாவிச் சுவரில் எகிறும் ஒவ்வோர் அசைவிலும் 1989இன் துல்லியம் இருந்தது. இப்போது கடக்க முடியாத ஓர் இடத்தைப் படமெடுத்து வரைபடத்தில் குத்திவைத்துக்கொள்ளும் வசதியை அதில் கொடுத்திருந்தார்கள். அதை அனுபவித்த பிறகு, அந்த வசதி இல்லாத வேறு விளையாட்டுகளை விளையாடவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், அந்தக் குழு கலைக்கப்பட்டு, உறுப்பினர்கள் வெவ்வேறு திட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள் என்ற செய்தி உறுதியானது. ரீமேக் ரத்தானதைவிட இந்தச் செய்திதான் என்னை அதிகம் உலுக்கியது. ரீமேக் நான் பார்க்காத ஒன்று. இது என் கையில் விளையாடிய, அற்புதமாக வந்த ஒன்று. நன்றாகச் செய்தவர்களும் சேர்ந்திருக்க முடியவில்லையே.

அன்றிலிருந்து ஒரு தொடரின் எதிர்காலத்தைப் பார்க்கும் என் பார்வை மாறிவிட்டது. தலைப்பு யாருடைய உரிமையில் இருக்கிறது என்பதைவிட, அந்தத் தலைப்பில் வேலை செய்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் இப்போது தேடுகிறேன். ஒரு விளையாட்டு முடிந்ததும் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைத் தாண்டிவிடாமல் படிக்கிறேன். இயக்கியவர், நிலைகளை வடிவமைத்தவர், அசைவுகளைச் செய்தவர் யார் என்று குறித்துக்கொள்கிறேன். அவர்கள் தனியாக ஒரு சிறு ஸ்டுடியோ தொடங்கினால் அந்த விளையாட்டை வாங்குகிறேன். தொடரின் உயிர் சில வேளைகளில் பெயரை விட்டுவிட்டு மனிதர்களோடு போய்விடும். 2003இல் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ படைப்புக்குத் தலைமை தாங்கிய பத்ரீஸ் தெசிலே அடுத்து ‘அசாசின்ஸ் கிரீட்’ செய்யப் போனபோது நடந்ததும் அதுதான்.

ரத்து அறிவிப்பு வந்த வாரத்தில், பழையதையாவது விளையாடிவிடலாம் என்று அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்தேன். கணினி அதை ஏற்கவே இல்லை. அக்கால டிஸ்க்குகளில் இருந்த நகல்தடுப்பு மென்பொருள் பலவற்றைப் புதிய விண்டோஸ் இயங்க விடுவதில்லை. டிஸ்க் கையில் இருந்தும் விளையாட்டு இல்லை என்ற நிலை. காசு கொடுத்து வாங்கிய பொருள் கீறல்கூட இல்லாமல் கையில் இருக்கிறது, அது திறக்காது. அப்போது மனம் விட்டு அழுதேன் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கிடைத்தவரை விளையாடிக்கொண்டே இருந்திருந்தால், கணினி மாற்றிய காலத்திலேயே இது தெரிந்திருக்கும்.

பிறகு பல இரவுகள் செலவழித்துக் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்; உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். டிஸ்க் இயங்காவிட்டால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். நகல்தடுப்பு இல்லாமல் விற்கும் ஜிஓஜி என்ற இணையக் கடையில் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கிடைக்கிறது. வாங்கியதும் இன்ஸ்டாலர் கோப்பைத் தனியாக இறக்கி, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை கடை மூடினாலும் கோப்பு உங்களிடம் இருக்கும். புதிய கிராஃபிக்ஸ் கார்டுகளில் இந்த விளையாட்டின் பனிமூட்டம் சரியாகத் தெரியாது. காட்சி முழுவதும் வெளிறியோ குழம்பியோ போகும். அமைப்பில் பனிமூட்டத்தை அணைத்துப் பாருங்கள், அல்லது ரசிகர்கள் செய்து வைத்திருக்கும் திருத்தக் கோப்பைச் சேருங்கள். விளையாட்டு பழைய சதுரத் திரைக்காகச் செய்யப்பட்டது என்பதால் அகலத் திரைக்கும் அப்படி ஒரு திருத்தம் உண்டு. எதைச் சேர்ப்பதற்கு முன்னும் மூலக் கோப்புறையை அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். இதெல்லாம் வேண்டாம், தொல்லையில்லாமல் விளையாட வேண்டும் என்றால் எக்ஸ்பாக்ஸ் ஒன் அல்லது அதற்குப் பின் வந்த, டிஸ்க் போடும் வசதியுள்ள எக்ஸ்பாக்ஸில் முதல் எக்ஸ்பாக்ஸின் டிஸ்க்கைப் போட்டால் போதும். 2017 அக்டோபரில் பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளை இயங்கவைத்தபோது, முதல் 13 விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. மூன்று பாகங்களையும் மெருகேற்றி ஒரு தொகுப்பு பிளேஸ்டேஷன் 3க்கு வந்தது உண்மைதான். ஆனால் அது அந்தக் கன்சோலோடு நின்றுவிட்டது.

விளையாட்டில் எட்டிய இடத்தைச் சேமித்து வைக்கும் சேவ் கோப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய விளையாட்டுகள் பலவும் சேவ் கோப்பை, விளையாட்டு நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே வைக்கும். விளையாட்டை நீக்கினால் அதுவும் போய்விடும். நான் ஆண்டுக்கணக்கில் சேர்த்திருந்தவை, ஒரு கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது அப்படித்தான் போயின. ‘வாரியர் விதின்’ விளையாடுபவர்கள் ஒரே சேவ் இடத்தில் மேலெழுதிக்கொண்டே போகாமல், மாற்றி மாற்றிப் பல இடங்களில் சேமியுங்கள். சில இடங்களில் ஆட்டம் முன்னேற முடியாதபடி சிக்கிக்கொள்ளும் பிழைகள் அதில் உண்டு. அதோடு, உயிர்மானியைக் கூட்டும் மறைவிடங்கள் ஒன்பதையும் கண்டுபிடித்தால்தான் நீர்வாள் கிடைக்கும். நீர்வாள் இருந்தால்தான் உண்மையான முடிவு திறக்கும். ‘டூ த்ரோன்ஸ்’ தொடர்வது அந்த முடிவிலிருந்துதான். ஒன்றைத் தவறவிட்டுக் கடைசிவரை போய்விட்டால் பல மணி நேரம் வீண்.

2008இல் வந்த, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்ற பெயரை மட்டும் கொண்ட விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணினிப் பதிப்பை எந்த நகல்தடுப்பும் இல்லாமல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் அது அபூர்வமான நம்பிக்கை. கதையின் முடிவில், இளவரசனுக்குத் துணையாக வரும் எலிகா உயிரைக் கொடுத்து அடைத்த தீமையை, அவள் உயிரை மீட்பதற்காக இளவரசன் தன் கையாலேயே திறந்துவிடுகிறான். நெஞ்சைப் பிசையும் முடிவு. அதன் தொடர்ச்சியாக 2009இல் ‘எபிலாக்’ என்ற இணைப்பு வந்தது, பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் மட்டும். கணினிக்கு இன்றுவரை வரவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360இன் இணையக் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. கதையின் ஒரு பகுதி இப்படிச் சிறுசிறு சாதனங்களுக்குள் முடங்கிக் கிடக்கிறது. இது இந்தத் தொடரின் பிரச்சினை மட்டுமல்ல. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் கடைகள் ‘வாங்கு’ என்ற பொத்தானைக் காட்டினால், நாம் பெறுவது உரிமம் மட்டுமே என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பணம் கொடுக்கும் முன் அந்த வரியைப் படியுங்கள். இணைய இணைப்பு இல்லாமல் ஓடுமா, சேவையகம் நின்றால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இந்தத் தொடரின் எதிர்காலத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் பெரிய மேடையில் பெரிய டிரெய்லரோடு வரும் எதிர்காலத்தில் இல்லை. ஈவில் எம்பயர் என்ற சிறு ஸ்டுடியோ செய்த ‘ரோக் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ 2024 மே மாதம் முழுமையாகாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. விளையாடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போய், இளவரசனின் தோற்றத்தைக்கூட மாற்றி, 2025 ஆகஸ்டில் முழு வடிவம் பெற்றது. கோடிக்கணக்கில் கொட்டி, ஐந்து ஆண்டு மூடிவைத்து, கடைசியில் புதைத்துவிடுவதைவிட, இந்த வழியில் எனக்கு மதிப்பு அதிகம். அளவில் சிறியதாக, ஒரே குழு தொடர்ந்து செய்வதாக, நமக்கு முன்னால் வளர்வதாக இருந்தால் போதும்.

உரிமை வைத்திருப்பவர்களிடம் ஒரு ரசிகராக எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. ரீமேக் முடியாது என்றால், பழைய மூன்று பாகங்களையும் இன்றைய சாதனங்களில் ஒழுங்காக ஓடும்படியாவது வெளியிடுங்கள். அதற்குப் புது முகங்களும் புது ஒளியும் தேவையில்லை. ‘எபிலாக்’ இணைப்பைக் கணினிக்குக் கொடுங்கள். கைவிட்ட ரீமேக்கின் ஓவியங்கள், ஒலிப்பதிவுகள், செய்து முடித்த நிலைகள் ஆகியவற்றை அழித்துவிடாமல் ஓர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். 1989 விளையாட்டின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்று மெக்னரே நினைத்திருந்தார். 2012இல் அவருடைய தந்தை அலமாரி ஒன்றிலிருந்து அந்தப் பழைய டிஸ்க்குகளைக் கண்டெடுத்தார். தரவுகளை மீட்பதில் கைதேர்ந்தவர்கள் சேர்ந்து படித்தெடுத்தார்கள். அந்த ஏப்ரலில் மெக்னர் அதை எல்லோரும் பார்க்கும்படி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்தார். இன்று யார் வேண்டுமானாலும் அந்த நிழல் மனிதன் எப்படி உருவானான் என்பதை வரி வரியாகப் படிக்கலாம். ஐந்து ஆண்டு உழைப்பையும் அப்படிப் பார்க்கும் வாய்ப்பைப் பிற்காலத்து மாணவர்களுக்குக் கொடுங்கள்.

நான் இப்போது ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ விளையாட்டைப் பாதியில் வைத்திருக்கிறேன். பனிமூட்டத்தை அணைத்துவிட்டேன், அகலத் திரைத் திருத்தம் சேர்த்துவிட்டேன், இன்ஸ்டாலரும் சேவ் கோப்புகளும் இரண்டு இடங்களில் நகலாக இருக்கின்றன. இதை முடித்ததும் ‘வாரியர் விதின்’. இந்த முறை மறைவிடங்கள் ஒன்பதையும் வழியிலேயே எடுத்துவிடப் போகிறேன்.